ஐம்பத்தேழு டிகிரியில் பனிக்கட்டி

நவம்பர் 7, செவ்வாய். 41 டிகிரி (ஃபாரன்ஹீட்; தண்ணீர் உறைவது 32-ல்). மேகம். ஏரிக்காற்று.

"டீச்சர், கனமா இருக்கறவன் மோதினா ஜாஸ்தி வலிக்குமா, வேகமா வர்றவன் மோதினா ஜாஸ்தி வலிக்குமா?"

இருபத்தைந்து வருடத்துக்கு முன் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து கேட்ட கேள்வி. கேட்டவனுக்குக் காது மடலில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னடா என்றால், "படியில வழுக்கிட்டேன் டீச்சர்" என்றான். நான் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். எடை இரு மடங்கானால் அடியும் இரு மடங்கு. வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்கு. தெருவில் உருண்டு வரும் பூசணிக்காயையும் கவணில் பறக்கும் கூழாங்கல்லையும் நினைத்துக்கொள் என்றேன். "அப்ப கூழாங்கல்தான் டீச்சர் மோசம்" என்றான். அவன்தான் கர்ட். பிறகு என் மகள் லூயீஸைக் கட்டிக்கொண்டான். இன்றும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான்.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வரக் காரணம் ரேடியோ. ஞாயிறு நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நம் அணியின் இடது ஓரக்காரனுக்கு முழங்கால் கிழிந்துவிட்டது. எதிரணியில் பந்தை எறிகிறவனைத் துரத்திப் பிடித்துத் தரையில் அடிக்க இனி நம்மிடம் ஆளே இல்லை. காலையிலிருந்து ரேடியோவில் ஒரே பெயர்: ஏசா டிலார்ட். வயது முப்பத்து நான்கு. கோடையிலிருந்து எந்த அணியும் எடுக்காமல் வீட்டில் இருக்கிறான். ஒரு காலத்தில் நம்மவன். தொண்ணூற்று மூன்றாம் எண் சட்டை.

ஆறு வருடத்துக்கு முன் ஏரியின் அந்தக் கரை அணிக்குப் போனான். அதே குளிர்காலத்தில் இங்கே வந்து, நம் அணியில் பந்தை எறிகிற டிம் ரௌலியின் காலை உடைத்தான். அப்போது ரௌலிக்கு இருபத்து மூன்று வயது. ஈரப் போர்வையைக் கல்லில் அறைந்தாற்போல ஒரு சத்தம். முழங்காலுக்குக் கீழே கால் வேறொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிலார்ட் அவன்மேல் நின்று, கழுகு சிறகடிப்பதுபோல் இரண்டு கைகளையும் அடித்துக்கொண்டான். அவனுடைய வழக்கமான ஆட்டம் அது. நம்மவனாக இருந்தபோது அதற்கு எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று சிறகடித்தோம்.

நானும்தான். எழுதி வைக்கிறேன்: விழுந்தது யார் கால் என்று தெரிவதற்கு முந்தைய அரை நொடியில் நான் நினைத்தது, "என்ன அழகான பாய்ச்சல்!"


நவம்பர் 9, வியாழன். 38.

ஸ்டான் போன் செய்தான். "அம்மா, அந்த நாய் இங்க வந்தா நான் மைதானத்துல என் சீட்டைப் பிடுங்கி ஏரியில போட்டுடுவேன்." என் மகன் வேலை செய்வது ஏரிக்கு அடியில், உப்புச் சுரங்கத்தில். அந்த சீட் அவன் தலையிலேயே வந்து விழும் என்றேன். சிரிக்கவில்லை.


நவம்பர் 12, ஞாயிறு. 27. கார் நிறுத்தும் இடமெல்லாம் கண்ணாடிபோல ஐஸ்.

ஒன்பதாம் வரிசை. மைதான வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், ஆட்டத்துக்கு முன் கூடிச் சமைத்துச் சாப்பிட முப்பத்தொரு வருடமாக எங்களுக்கு அதே இடம். மோஸ் டர்கின் வழக்கம்போலக் கரி அள்ளும் ஷவலைக் கழுவி, நெருப்பின்மேல் வைத்து, அதிலேயே சாஸேஜ் சுட்டான். மோஸ் நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். ஒன்பதாம் வரிசைக்கு அவன்தான் ராஜா, மந்திரி, சமையல்காரன் எல்லாம். நடுவில் இரும்புப் பீப்பாய். அணியை விட்டுப் போனவர்களின் சட்டையை அதில் போட்டு எரிப்பது எங்கள் வரிசை வழக்கம். ஆறு வருடத்துக்கு முன் டிலார்டின் சட்டைகள் அதில்தான் எரிந்தன. முதல் தீக்குச்சியைக் கிழித்தது ஸ்டான்.

இன்று கர்ட் கோட்டைத் திறந்து காட்டினான். உள்ளே 93. எரிக்காமல் ஒளித்து வைத்திருந்திருக்கிறான்!

"டேய், ஆறு வருஷமா அதுக்கு வாடகை குடுத்தியா?" என்றான் மோஸ்.

"பீரோவுல லூயீஸோட கல்யாண கவுனுக்குக் கீழ. அங்க யாரும் கை வைக்க மாட்டாங்க."

"முப்பத்து நாலு வயசுக் கிழவன். அவன் முட்டி மடக்கினா எங்க பாட்டன் வீட்டுக் கதவு மாதிரி சத்தம் வருதாம்," என்றான் ஸ்டான்.

"கிழவனோ குமரனோ, கடைசி வருஷம் ஒன்பது பேரைச் சாய்ச்சான். உன் ஆளுங்க எல்லாரும் சேர்ந்து ஏழு. கணக்குத் தெரியுமா மச்சான்?"

"ரௌலி காலைக் கணக்குல சேர்த்தியா?"

"அது ஆட்டம்டா. கொடியே விழலை. தப்புன்னு நடுவரே சொல்லலை."

"மேல நின்னு சிறகடிச்சானே, அதுவும் ஆட்டமா? கம்பி ஓரம் நான் நின்னேன் கர்ட். ரௌலி அம்மாவைக் கூப்பிட்டான். இவன் சிறகடிச்சான்."

கர்ட் மெல்லச் சொன்னான்: "உடைஞ்சது அவனுக்குத் தெரியாது."

ஸ்டான் கையிலிருந்த சாஸேஜ் கர்டின் முகத்தில் வந்து விழுந்தது, கடுகுக் குழம்போடு. எல்லோரும் சிரித்தோம். பக்கத்து வரிசையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து "டிலார்ட் வேணும்" என்று கத்தினான். மோஸின் தம்பி போய் ஒரே குத்தில் அவன் மூக்கை உடைத்தான். வெள்ளைப் பனியில் சிவப்புச் சொட்டுகள், யாரோ செர்ரிப் பழத்தைக் கொட்டியதுபோல.

காவலாளி ஓடி வந்தார். மோஸ் ஷவலைத் திருப்பிக்கொண்டே, "ஐஸ்ல வழுக்கிட்டாரு சார்" என்றான். மூக்கு உடைந்தவனே தலையாட்டினான். காவலாளி என்னைப் பார்த்தார் (வரிசையில் வயதானவள், கண்ணாடி போட்டவள்). நான், "ஆமாம், ரொம்ப வழுக்குது" என்றேன்.

முப்பத்தொரு வருடமாக ஒன்பதாம் வரிசையில் யாரும் யாரையும் அடித்ததில்லை. எல்லோரும் வழுக்கித்தான் விழுந்திருக்கிறார்கள்.


நவம்பர் 16, வியாழன். 44. தூறல்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரேடியோ நிகழ்ச்சிக்கு போன் போட்டேன்.

காலையிலிருந்து ஆளாளுக்கு டிலார்டின் கால் போய்விட்டது, வேகம் போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். தப்பான விடையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முப்பத்தாறு வருடப் பழக்கம் விடவில்லை. சொன்னேன்: "வயசானவன் வேகமா ஓட வேண்டாம், குறுக்கே ஓடத் தெரிஞ்சா போதும். பால்காரர் தெருத் தெருவா சுத்துவார். அவர் நாய் தோட்டத்துக்குள்ள புகுந்து அவருக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடும். டிலார்டுக்கு இப்ப அந்த நாயோட புத்தி இருக்கு. அவனை எடுங்க."

அறிவிப்பாளர் கைதட்டினார். "எங்க படிச்சீங்க அம்மா இதெல்லாம்?"

மூன்று மணிக்கு ஸ்டான் போனில் வந்தான். சுரங்கத்தின் மேலே, சாப்பாட்டு அறையில், நாற்பது பேர் நடுவே என் குரலைக் கேட்டிருக்கிறான்.

"ஊரே கேக்க என்னைக் குத்திட்டீங்களே அம்மா."

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேடா."

"அதான் குத்து."

போனை வைத்துவிட்டான்.


நவம்பர் 23, வியாழன். நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்). 36.

லூயீஸ் வீட்டில் விருந்து. அவள் வாசலிலேயே சட்டம் போட்டாள்: டிலார்ட் என்ற பெயரையோ அந்த எண்ணையோ சொல்கிறவர் எல்லாப் பாத்திரமும் கழுவ வேண்டும். வான்கோழி முடியும்வரை காப்பாற்றினார்கள். பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்பு, 'பை', வந்தது.

"எத்தனை துண்டா வெட்டட்டும்?" என்றாள் லூயீஸ்.

கர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு, "தொண்ணூத்தி நாலுக்கு ஒண்ணு கம்மியா" என்றான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்டான் எழுந்து, கர்டின் பின்னந்தலையைப் பிடித்து முகத்தைப் பையில் அழுத்தினான். அதோடு நின்றிருந்தால் விளையாட்டு. மூன்று முறை அழுத்தினான். மூன்றாவது முறை தட்டு உடைந்தது. கர்ட் கைக்குக் கிடைத்ததை வீசினான். குழம்புக் கிண்ணம். ஸ்டானின் புருவத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டு பேரும் மேஜையோடு சாய்ந்து, சுவரில் மோதி, கட்டிப் புரண்டார்கள். நாற்பது தாண்டிய ஆண்கள். மூச்சுத்தான் கேட்டது; ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லூயீஸ் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பிரித்தாள், நாய்களைப் பிரிப்பதுபோல. கர்டின் முன்பல் பாதி போயிருந்தது. அவள் பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். பல்லைப் பாலில் போட்டுவிட்டு, "சிரிங்கம்மா, இப்ப சிரிங்க" என்றாள் என்னிடம்.

பிறகு கர்ட் பாத்திரம் கழுவினான். ஸ்டான் துடைத்தான். பதினைந்து வயதில் என் சமையலறையிலும் இப்படித்தான். அடித்துக்கொள்வார்கள், அப்புறம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.


நவம்பர் 29, புதன். 49.

எடுத்துவிட்டார்கள். டிலார்ட் கையெழுத்துப் போட்டாயிற்று. ஞாயிறே ஆடுகிறான்.

ஸ்டானுக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.


டிசம்பர் 3, ஞாயிறு. 57 டிகிரி. வெயில்! கோட்டு வேண்டாம், சுவெட்டர் போதும். ஏரி பால்போலக் கிடக்கிறது.


அதே நாள், மாலை 4 மணி. மருத்துவமனை.

வரிசையாக எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், நினைப்பதை எழுதாதே, நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்று.

பதினொன்றரைக்கு எல்லோரும் வந்துவிட்டோம். பாதிப் பேர் அரைக்கைச் சட்டையில். மோஸ் ஷவலில் கறி சுட்டான். கர்ட் 93 சட்டையை வெளியே தெரியப் போட்டு வந்தான். புதுப் பல். ஸ்டான் பேசாமல் ஓரமாக நின்றான். புருவத்தில் தையல் இன்னும் இருந்தது. மோஸ், "ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்றான். கர்ட் கை நீட்டினான். ஸ்டான் பார்க்காததுபோல் கரி மூட்டையை எடுக்கக் குனிந்தான்.

கர்ட் அவன்மேல் வந்து நின்று, சிறகடித்தான்.

வேடிக்கைக்குத்தான். இரண்டே தடவை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு தனியாகக் கேட்கும், வகுப்பில் எப்போதும் அப்படித்தான்.

ஸ்டான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நெருப்பிலிருந்து ஷவலை எடுத்தான். கறித் துண்டுகள் பறந்தன. இரண்டு கையாலும், இடுப்பைத் திருப்பி, முழுச் சுற்று. கர்டின் இடது கன்னத்தில் பட்டது. சட்டியைத் தரையில் போட்டதுபோல் சத்தம், அதற்குள்ளே சின்னதாய் வேறொரு சத்தம். கர்ட் கையை ஊன்றாமல் விழுந்தான். பீப்பாயின் விளிம்பில் தலை பட்டது. கன்னத்தில் சூடு போட்ட வாசம். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில்… எழுத மாட்டேன். கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன, ஓடுகிறவன் கால்போல. பிறகு அதுவும் நின்றது.

ஸ்டான் ஷவலைக் கீழே வைத்தான். போடவில்லை; மெல்ல வைத்தான். சத்தம் வரக்கூடாது என்பதுபோல.

காவலாளி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மோஸ் சொன்னான்: "ஐஸ்ல வழுக்கிட்டான் சார். பீப்பாயில மண்டை."

காவலாளி என்னைப் பார்த்தார்.

நான், "ஆமாம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்! அரைக்கைச் சட்டையில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் என்று எழுதினார்.


டிசம்பர் 4, திங்கள். 52.

மூளையில் ரத்தம். வடித்திருக்கிறார்கள். இடது கண் போய்விட்டது. இன்னும் கண் விழிக்கவில்லை. (எந்தக் கண்? எழுதும்போதே இப்படி வருகிறது.)

நேற்று காத்திருக்கும் அறையின் டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அணைக்கவில்லை. மூன்றாம் பகுதியில் டிலார்ட் குறுக்கே புகுந்து பந்தெறிகிறவனைச் சாய்த்தான். சரியாக நான் சொன்ன வழி. எழுபதாயிரம் பேரும் சிறகடிக்கக் காத்திருந்தார்கள். அவன் சிறகடிக்கவில்லை. குனிந்து, விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

நம் ஆட்கள் அவனைக் கூவி ஏசினார்கள்.


டிசம்பர் 5, செவ்வாய். 46.

துப்பறியும் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஓர்டிஸ் என்று ஒரு பெண்மணி, ஸ்டான் வயதுதான் இருக்கும். மேஜைமேல் பதினோரு தாள்களை வைத்தார். ஒன்பதாம் வரிசையின் பதினோரு கையெழுத்து. எல்லாவற்றிலும் ஐஸ்.

"உங்க மோஸ் பனி வாரற லாரி ஓட்டறவர். போன வாரம் பூரா அந்த லாரி ஷெட்டை விட்டு வெளிய வரலை. ஊர்ல ஐஸ் இல்லைன்னு அவரைவிட யாருக்கும்மா நல்லாத் தெரியும்? அவரே முதல் ஆளா ஐஸ்ங்கறார்."

நான் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். அடிச்சது யாருங்கறதுதான் தெரியலை. கன்னத்துல ஷவலோட ஓரம் அச்சாப் பதிஞ்சிருக்கு. ஷவல் ஏரிக்குள்ள போயிடுச்சு. நீங்க டீச்சர். உங்க வாக்குமூலம் மட்டும் இன்னும் வரலை."

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். ஸ்டானும் கர்டும், பதினாறு வயது, தோளில் கை போட்டுக்கொண்டு. அதற்கு மேல் கேட்கவில்லை.


டிசம்பர் 6, புதன். 33.

ஸ்டான் வந்தான். உட்காரவில்லை.

"வேணும்னு செய்யலைம்மா."

"தெரியும்."

"நீங்கதான் முதல்ல ஆமான்னீங்க. அதையே எழுதிக் குடுத்துடுங்க. மோஸ் சொல்றான், பதினோரு பேரும் ஒண்ணா நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு."

"கர்ட் எழுந்து சொன்னா?"

அவன் வாய் கோணியது. "எழுந்தா நல்லதுதானே அம்மா. எழட்டும்னுதான் நானும் கும்பிடறேன்." பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு: "ஜெயில்ல போட்டா அஞ்சு வருஷமோ எட்டு வருஷமோ. நான் வெளிய வர்றப்ப நீங்க இருப்பீங்களா?"

எனக்கு எழுபது.

அவன் போனபிறகு இந்த நோட்டை எடுத்தேன். மூன்றாம் தேதியின் இரண்டு பக்கம். அடுப்பைப் பற்றவைத்தேன். கிழிப்பதற்கு விரலும் வைத்தேன். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒருநாள், அடுப்பையே பற்றவைக்காமல் "தண்ணீர் 212 டிகிரியில் கொதித்தது" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தான். விடை சரி. நான் பூஜ்யம் போட்டேன். "சரியாத்தானே இருக்கு?" என்று வீடுவரை சண்டை போட்டுக்கொண்டே வந்தான். வந்தவன் ஸ்டான்.

அடுப்பை அணைத்துவிட்டேன். அதற்காகத் துணிந்துவிட்டேன் என்று இல்லை. கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.


டிசம்பர் 7, வியாழன். 35.

லூயீஸ் ஒரே கேள்வி கேட்டாள், நடைபாதையில், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில். "ஸ்டானாம்மா?"

"கர்ட் கண்ணு முழிக்கட்டும்" என்றேன்.

அறைந்துவிட்டாள். என் மகள் என்னை. கண்ணாடி போய் இயந்திரத்துக்கு அடியில் விழுந்தது. அவளே மண்டியிட்டு எடுத்து, துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டாள்.

தாடை இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.


டிசம்பர் 9, சனி. 40.

கர்ட் விழித்தான். தலை முழுக்கக் கட்டு. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"டீச்சர், நாம ஜெயிச்சமா?"

"ஜெயிச்சோம்."

"அவன்?"

"ஒருத்தனைச் சாய்ச்சான். குறுக்கே வந்து."

சிரித்தான், வலித்தது போலிருக்கிறது, நிறுத்தினான். பிறகு என் கையைப் பிடித்தான். "மோஸ் வந்துட்டுப் போனான். ஐஸ்ல வழுக்கினேனாமே. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. என் அசட்டுத்தனம். லூயீஸை இப்படி அழ வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க டீச்சர்."

மன்னிப்பு. அவன் என்னிடம்.

காது மடலில் ரத்தம் காய்ந்த பையன் கண் முன்னால் வந்தான். "படியில வழுக்கிட்டேன் டீச்சர்." அன்று பள்ளி லாக்கர் கதவில் அவன் தலையை மோதியது யார் என்று எனக்குத் தெரியும். நடைபாதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மகன். தெரிந்துதான் படி என்ற பதிலை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, எடை, வேகம், பூசணிக்காய் என்று பாடம் நடத்தினேன். ஸ்டான் முன் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் ஒரு பாடம் கற்றான். பூசணிக்காய்ப் பாடம் இல்லை.

"கர்ட்," என்றேன். "அன்னைக்கு ஐம்பத்தேழு டிகிரி. ஐஸ் இல்லை."

அவனுடைய ஒற்றைக் கண் என் முகத்தில் நின்றது.

"ஸ்டானா?"

"ஆமாம்."

காவலாளியிடம் சொன்ன அதே சொல்.

கர்ட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் என்ன பண்ணினேன் அவனை?"

"சிறகடிச்சே. நான் சிரிச்சேன்."


டிசம்பர் 10, ஞாயிறு. 39.

ஆட்டத்துக்குப் போகவில்லை. ஸ்டான் வீட்டுக்குப் போனேன். நாளைக் காலை ஓர்டிஸிடம் போகிறேன், நீயே முன்னால் போனால் நல்லது என்றேன்.

அவன் சுவரில் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. சுவர்ப் பலகை உடைந்து கை உள்ளே போயிற்று. விரல் முட்டியெல்லாம் ரத்தம். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். நகரவில்லை. நகரக்கூடாது என்று தோன்றியது.

"பெத்தவ செய்யற வேலையா இது?"

"பெத்தவ இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி செஞ்சிருக்கணும்டா."

கையைச் சுவரிலிருந்து இழுத்தான். நான் குழாயில் கழுவி, சிலாம்பு எடுத்து, கட்டுப் போட்டேன். காட்டிக்கொண்டு நின்றான், குழந்தைபோல.

வாசலில் மோஸ் லாரியோடு நின்றிருந்தான். "டீச்சர், ஒன்பதாம் வரிசையில இனிமே உங்களுக்கு இடம் இல்லை" என்றான். என் காரின் பின்விளக்கு இரண்டையும் உதைத்து உடைத்துவிட்டுப் போனான். முப்பத்தொரு வருடம் என் தட்டில் முதல் சாஸேஜ் வைத்தவன்.


டிசம்பர் 11, திங்கள். 30. இன்று நிஜமான பனிக்கட்டி.

காலை ஏழரைக்கு ஸ்டான் காரோடு வாசலில் நின்றான். "உங்க பின்விளக்குதான் உடைஞ்சிருக்கே. எப்படிப் போவீங்க?"

படியில் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "பார்த்தும்மா. வழுக்கும்."

இந்த நோட்டை இன்று இங்கே கொடுத்துவிட வேண்டும். காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.


பிப்ரவரி 11, ஞாயிறு. 24. புது நோட்டு.

பழைய நோட்டு நீதிமன்றத்தில் இருக்கிறது. திரும்பி வருமா தெரியாது. தீர்ப்பு: நான்கு வருடம். தானாக வந்து ஒப்புக்கொண்டதால் குறைத்தார்களாம். மோஸும் இன்னும் இரண்டு பேரும் பொய் எழுதிக் கொடுத்ததற்காக வழக்கில் நிற்கிறார்கள். ஒன்பதாம் வரிசையில் இப்போது வேறு யாரோ.

இன்று பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டம். நம் அணி அதில் இல்லை. டிலார்ட் விலகிவிட்டான், முட்டி போய்விட்டதாம்.

லூயீஸ் என்னைச் சிறையின் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். உள்ளே வரவில்லை. பின் சீட்டில் கர்ட், கறுப்புக் கண்ணாடியோடு. அவனும் வரவில்லை, ஆனால் நான் கதவைச் சாத்தும்போது, "கையுறை போட்டுக்கங்க டீச்சர்" என்றான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டான். இளைத்துவிட்டான். விரல் முட்டியில் தழும்பு. போனை எடுத்தான். என்ன கேட்பானோ, கர்டைப் பற்றியா, லூயீஸைப் பற்றியா, ஆட்டத்தைப் பற்றியா என்று காத்திருந்தேன்.

"வெளியில எத்தனை டிகிரிம்மா? எங்க பக்கம் ஜன்னல் இல்லை."

"இருபத்து நாலு."

"ஐஸ் இருக்கா?"

"இருக்கு. நிறைய."

தலையாட்டினான். நம்பினான். நான் சொன்னால் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த நோட்டு யார் கையில் போய்ச் சேருமோ தெரியாது. சேர்ந்தவருக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக் காலை எழுந்ததும், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டு. கைக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் ஒரு வரியில் எழுதி வை.